பூட்டை அழிக்கும் காலம் எது?

ஆக்குவது அரிது, அழிப்பது எளிது என்று உலகோர் கூறுவர். வீடு ஒன்றைக் கட்டப் பல திங்கள் வேண்டும். இடிப்பதற்கு ஒரு நாள் போதும். ஆயின், கணினி நிரலாக்கத் துறையில் இவ்வழக்குத் தலைகீழாக மாறும் இடம் ஒன்று உண்டு. பல வேலைகள் ஒரே காலத்தில் நடைபெறும் நிரல்களில், பொதுப்பொருளைக் காப்பதற்காகப் பூட்டு ஒன்று அமைக்கப்படுகிறது. அப்பூட்டை ஆக்குவதற்கு ஒரு வரி போதும். அதனைப் பழுதின்றி அழிப்பதற்கோ, நிரல் முழுவதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தொடக்கநிலைப் பாடங்கள் பெரும்பாலும் பூட்டுவதையும் திறப்பதையும் விரிவாகக் கூறும். அழிப்பதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும். கற்கும் மாணவனும் அதனை வேலை முடிந்தபின் செய்யும் துப்புரவாகவே கொள்வான். அவ்வாறு கொள்ளுதல் பிழை. கைதேர்ந்த வல்லுநர் எழுதிய நிரல்களிலும் அப்பிழை புகுந்ததுண்டு. அது புகும் வழி யாது, அதனைத் தவிர்க்கும் முறைகள் எவை என்பன ஈண்டு வரிசையாகக் கூறப்படும்.

இழையும் பூட்டும்

நிரல் என்பது கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதி. அக்கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறிச் செல்லும் ஓட்டத்தை ‘இழை’ என்பர். ஆங்கிலத்தில் ‘திரெட்’ எனப்படும் நூலிழையின் பெயரே இதற்கு இடப்பட்டது. தமிழிலும் அப்பெயர் இனிது பொருந்துகிறது. ஒரு நிரலுக்குள் பல இழைகள் ஒரே காலத்தில் ஓடுமாயின் அதனைப் பன்னிழை நிரல் எனலாம். இவ்விழைகள் அனைத்தும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இதுவே அவற்றின் வலிமை. இதுவே அவற்றின் இடர்ப்பாடும் ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். பள்ளியின் பண்டக அறையில் நூல்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் பதிவேடு ஒன்று உள்ளது. அதில் 40 என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் இருவர் தத்தம் வகுப்பிலிருந்து ஐந்தைந்து நூல்களைத் திருப்பிக் கொண்டுவருகின்றனர். முதல்வர் பதிவேட்டைப் பார்த்து 40 என்று மனத்திற்கொண்டு நூல்களை அடுக்கச் செல்கிறார். அதற்குள் மற்றவரும் பார்த்து 40 என்றே மனத்திற்கொள்கிறார். பின்னர் இருவரும் தனித்தனியே ஐந்தைக் கூட்டி 45 என்று எழுதுகின்றனர். அறையில் இருப்பன 50 நூல்கள். பதிவேடு காட்டுவதோ 45. இருவரும் கணக்கில் பிழை செய்தாரல்லர். இருவர் செயலும் ஒன்றுடன் ஒன்று பின்னிக்கொண்டமையே பிழைக்குக் காரணம். இந்நிலையைப் பந்தய நிலை என்பர். யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறுவதால் இப்பெயர் வந்தது.

இதனைத் தடுக்க வழி யாது? அறைக்கு ஒரே ஒரு திறவுகோல் இருத்தல் வேண்டும். அதனை வைத்திருப்பவரே பதிவேட்டைத் தொடலாம். மற்றவர் வாயிலில் காத்திருத்தல் வேண்டும். ஒருவர் உள்ளிருக்கையில் பிறரை விலக்கிவைக்கும் இம்முறையை, ‘ஒருவரையொருவர் விலக்கல்’ எனும் பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி ‘மியூட்டெக்ஸ்’ என்று வழங்குகின்றனர். தமிழில் ‘பூட்டு’ என்பதே போதுமானது. டச்சு நாட்டுக் கணிதவியலாரும் கணினி அறிஞருமாகிய எட்ஸ்கர் டைக்ஸ்திரா, 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்றில் இச்சிக்கலைத் தெளிவாக வரையறுத்து, பல ஓட்டங்களுக்கும் பொருந்தும் தீர்வையும் காட்டினார். பன்னிழை நிரலாக்கம் பற்றிய பிற்கால ஆராய்ச்சிகள் பலவற்றிற்கு அக்கட்டுரை தோற்றுவாயாக அமைந்தது.

பூட்டு வழுவினால் என்ன ஆகும்?

இஃது ஏட்டளவில் நிற்கும் சிக்கலன்று. 1985 முதல் 1987 வரை, தெராக்-25 எனும் கதிர்வீச்சு மருத்துவப் பொறி, அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயாளர் அறுவருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுட் சிலர் உயிரிழந்தனர். ஒரே காலத்தில் ஓடிய வேலைகள், தக்க காப்பின்றிப் பொதுவான தகவலைப் பகிர்ந்துகொண்டமை அதற்குரிய காரணங்களுள் ஒன்றெனப் பின்னர்க் கண்டனர். 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். மின்கட்டுப்பாட்டு அறை ஒன்றில் எச்சரிக்கைமணி நிரல், பந்தய நிலை ஒன்றால் செயலற்று நின்றமை, அவ்விடர் பெருகுவதற்கு இடமளித்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் பூட்டை அழித்தமையால் விளைந்தவை அல்ல. ஆயினும், பூட்டை அழிக்கும்போது நேரும் பிழையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பல்லாயிரம் முறை ஓட்டிப் பார்த்தாலும் வெளிப்படாது. ஓர் இழை சற்றே பிந்தி, மற்றோர் இழை சற்றே முந்தும் ஒரு கணத்தில் மட்டும் வெளிப்படும். ஆதலின் சோதனையை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. காரண காரியங்களை எண்ணித் தெளிதல் வேண்டும்.

நூலகம் தரும் நான்கு செயல்கள்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களுக்குப் பொதுவான விதிகளைத் தொகுத்துக் கூறுவது போசிக்ஸ் எனும் தரநூல். இழைகளைப் பற்றிய அதன் பகுதி 1995-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. அவ்விதிகளைப் பின்பற்றும் நிரல் நூலகத்தைப் பி-திரெட்ஸ் என வழங்குவர். நூலகம் என்பது ஈண்டு ஏடுகள் வைக்கும் இடமன்று. பிறர் எடுத்தாளும்பொருட்டு முன்னரே எழுதிவைக்கப்பட்ட நிரற்பகுதிகளின் தொகுப்பு என்க.

பூட்டைப் பற்றிய அளவில், அந்நூலகம் நான்கு அடிப்படைச் செயல்களைத் தருகிறது. தொடங்குதல், பூட்டுதல், திறத்தல், அழித்தல் என்பன அவை. தொடங்குதல் பூட்டை வழக்கிற்குக் கொணரும். பூட்டுதல், பூட்டு ஒழிவாக இருப்பின் அதனைக் கைக்கொள்ளும். இல்லையேல் காத்திருக்கச் செய்யும். திறத்தல், கைவிட்டுப் பிறருக்கு வழிவிடும். அழித்தல், ‘இனி இப்பூட்டு இல்லை’ என்று அறிவிக்கும்.

அழித்தலின்போது உள்ளே நடப்பது இயங்குதளத்திற்கு இயங்குதளம் வேறுபடும். லினக்ஸ் இயங்குதளத்தில் பெரிதும் வழங்கும் ஜி-லிப்-சி நூலகத்தில், வழக்கமான பூட்டு என்பது நினைவகத்திலுள்ள ஒரு சிறு கட்டமைப்பு. அழித்தல் என்பது அதன்மேல் ‘செல்லாது’ எனும் குறியை இடுதலே. ஃபிரீ-பி-எஸ்-டி எனும் இயங்குதளத்திலோ, பூட்டின் உண்மை உருவம் வேறோரிடத்தில் தனியே ஒதுக்கப்படும். அழித்தல் அவ்விடத்தைத் திருப்பித் தந்துவிடும். எனவே, ஓரிடத்தில் தீங்கின்றி ஓடும் பிழையான நிரல், மற்றோரிடத்தில் உடனே நிலைகுலையக்கூடும். மேலும், பூட்டை அழித்தவுடன் அப்பூட்டு இருந்த பொருளின் நினைவகத்தையும் திருப்பித் தருவதே நிரலர் வழக்கம். இடையூறு பெரும்பாலும் ஆங்குத்தான் தலைதூக்குகிறது.

தரநூல் கூறும் விதி

போசிக்ஸ் விதி சுருக்கமானது. தொடங்கப்பெற்று, இப்போது திறந்திருக்கும் பூட்டை அழித்தல் தகும். ஆனால் மூன்று நிலைகளில் அழித்தல் தகாது. ஒருவர் பூட்டி வைத்திருக்கும்போது அழித்தல் முதலாவது. வேறோர் இழை பூட்ட முயன்றுகொண்டிருக்கும்போது அழித்தல் இரண்டாவது. அப்பூட்டைத் துணைகொண்டு வேறோர் இழை ‘நிபந்தனை மாறி’ ஒன்றில் காத்திருக்கும்போது அழித்தல் மூன்றாவது. அழித்த பூட்டை மீண்டும் தொடங்கலாம். தொடங்காமல் வேறு எவ்வகையிலும் தொடலாகாது.

விதியை மீறினால் தண்டம் யாது? ‘வரையறை இல்லா நடத்தை’ என்று தரநூல் கூறுகிறது. இத்தொடரின் பொருளை மாணவர் நன்கு உணர்தல் வேண்டும். பிழைச்செய்தி வரும் என்பது இதன் பொருளன்று; நிரல் நின்றுவிடும் என்பதும் அன்று. எதுவும் நடக்கலாம், ஒன்றும் நடவாதது போலவும் தோன்றலாம் என்பதே பொருள். பூட்டு பயன்பாட்டில் உள்ளது என்று காட்டும் பிழைக்குறியைச் சில நூலகங்கள் திருப்பித் தருவதுண்டு. அஃது ஓர் உதவி, உரிமை அன்று. அக்குறி வரவில்லை என்பதைக்கொண்டு செயல் சரியென முடிவு செய்தல் பிழையாகும்.

பயன்தராத உபாயங்கள்

பூட்டை அழிக்கப் புகுவோர் முதலில் கைக்கொள்ளும் உபாயங்கள் சில உள. அவை ஒவ்வொன்றும் ஏன் பயன்தராது என அறிதல் நலம்.

பூட்டித் திறந்து அழித்தல் என்பது ஒன்று. ‘நானே ஒருமுறை பூட்டிப் பார்த்தேன்; பூட்ட முடிந்தது. ஆகவே உள்ளே எவரும் இல்லை. திறந்துவிட்டு அழிக்கலாம்’ என்பது இதன் வாதம். உள்ளே எவரும் இல்லை என்பது மெய்யே. ஆயின், வாயிலில் எவரும் இல்லை என்பதற்கு அது சான்றாகுமா? அவர் உள்ளிருந்த நேரத்தில் ஒருவர் வந்து வரிசையில் நின்றிருக்கலாம். திறந்த கணத்தில் அவர் உள்ளே நுழைவார். அதே கணத்தில் அறை இடிக்கப்படும்.

காத்திராமல் முயன்று பார்த்தல் என்பது மற்றொன்று. பூட்டு ஒழிவாக இருக்கிறதா என்று வினவி, ‘ஒழிவு’ என்ற விடை வந்தால் அழிப்பது இம்முறை. விடை, வினவிய கணத்திற்கு மட்டுமே உரியது. அடுத்த கணத்தில் நிலை மாறியிருக்கும்.

சிறிது நேரம் உறங்கிவிட்டு அழித்தல் என்பது மூன்றாவது. ஒரு நொடி காத்திருந்தால் எல்லோரும் போயிருப்பர் என்று எண்ணுவது இது. கணினியில் வேலை மிகுந்த நாளில், ஓர் இழை பல நொடிகள் நிறுத்திவைக்கப்படுதல் உண்டு. நம்பிக்கையை விதியாகக் கொள்ளுதல் நிரலாக்கத்தில் பொருந்தாது.

இம்மூன்று உபாயங்களுக்கும் பொதுவான குறை ஒன்றே. பூட்டின் நிலையைப் பூட்டினிடமே கேட்கின்றன. பூட்டுக்குத் தெரிந்தது, இப்போது தன்னைப் பிடித்திருப்பவர் உளரா என்பது மட்டுமே. தன் முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு நாளை வரவிருப்பவரை அஃது அறியாது. ஆகவே, அழிக்கலாமா என்ற வினாவிற்குரிய விடை, பூட்டிற்கு வெளியேதான் தேடப்படல் வேண்டும்.

மணியும் இடிந்த அறையும்

இதுவரை கூறியது கவனமுள்ள நிரலர் எளிதில் உணரக்கூடியது. இனிக் கூறவிருப்பதோ நூலகத்தை எழுதிய வல்லுநரையே இடறச் செய்தது.

ஒரு பொருளைப் பல இழைகள் பயன்படுத்துகின்றன என்று கொள்க. எத்தனை இழைகள் பயன்படுத்துகின்றன என்ற எண்ணிக்கை அப்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டுள்ளது. அவ்வெண்ணிக்கையைக் காக்கும் பூட்டும் அப்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. வேலை முடிந்த இழை பூட்டி, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, திறக்கும். குறைத்தபின் எண்ணிக்கை சுழியானால், தானே கடைசி என்று அறிந்து, திறந்தபின் பூட்டை அழித்துப் பொருளையும் நீக்கும். கேட்பதற்கு இம்முறை குற்றமற்றதாகவே தோன்றுகிறது. கடைசி இழைக்குப்பின் வருவார் எவரும் இலர் அன்றோ?

இங்குத்தான் நுட்பம் உள்ளது. திறத்தல் என்பது வெளியே ஒரு செயலாகத் தோன்றினும், உள்ளே இரண்டு படிகளால் ஆனது. முதற்படி, பூட்டை ஒழிவாக்குதல். இரண்டாம் படி, எவரேனும் காத்திருப்பின் அவரை எழுப்புதல். அறை உவமையில் கூறின், உள்ளிருந்தவர் முதலில் தாழ்ப்பாளை நீக்குகிறார். பின்னர் வாயிற்புறத்து மணியை அடித்துக் காத்திருப்போரை அழைக்கிறார்.

முதலாம் இழை தாழ்ப்பாளை நீக்கிவிட்டது; கை இன்னும் மணியை நோக்கிச் செல்கிறது. அவ்விடைவேளையில், அழைப்பிற்குக் காத்திராத இரண்டாம் இழை, கதவு திறந்திருப்பதைக் கண்டு உள்ளே நுழைகிறது. எண்ணிக்கையைக் குறைக்கிறது, சுழி என்று காண்கிறது, தானே கடைசி என முடிவு செய்து வெளியே வந்து அறையை இடித்துவிடுகிறது. இப்போது முதலாம் இழையின் கை மணியைத் தொடுகிறது. மணி எங்கே? அறையோடு அதுவும் போயிற்று. சில வேளைகளில் நிலைமை இன்னும் விந்தையாகும். இடித்த நிலத்தில் அதற்குள் வேறொருவர் வீடு எழும்பியிருக்கும். அவர் வீட்டு மணி காரணமின்றி ஒலிக்கும்.

இரண்டாம் இழை செய்த குற்றம் யாது? விதிப்படி ஒன்றுமில்லை. பூட்டு திறந்திருந்தது, பூட்டினான், திறந்தான், அழித்தான். முதலாம் இழையும் திறக்கும் செயலைத்தானே செய்தது! எனவே, திறந்தவுடன் பூட்டை அழித்தல் தகும் என்று போசிக்ஸ் தரநூலின் விளக்கவுரை கூறுகிறது. இத்தகைய எண்ணிக்கை முறையையே அதற்கு எடுத்துக்காட்டாகவும் தருகிறது. சி பிளஸ் பிளஸ் மொழியின் தரநூலும் இதே நிலையை எடுத்துக் கூறி, இதனைத் தாங்கும்வண்ணம் பூட்டை அமைத்தல் நூலகத்தாரின் கடமை என்று விதிக்கிறது. சுமை நிரலர் தோளிலிருந்து நூலகத்தார் தோளுக்கு மாற்றப்பட்டது.

வல்லுநரும் இடறிய இடம்

லினக்ஸில் காத்திருப்போரை உறங்கவைத்து எழுப்பும் கருவி ஃபியூட்டெக்ஸ் எனப்படும். 2002-ஆம் ஆண்டில் ஒட்டாவா நகரில் கூடிய லினக்ஸ் கருத்தரங்கில் அதனைப் பற்றிய கட்டுரை படிக்கப்பட்டது. போட்டியில்லாத வேளையில் இயங்குதளத்தின் கருப்பகுதியை அழையாமலே பூட்டவும் திறக்கவும் இயலும் என்பது அதன் சிறப்பு. காத்திருப்போர் இருந்தால் மட்டுமே, திறப்பவர் கருப்பகுதியை அழைத்து, ‘இன்ன முகவரியில் உறங்குபவரை எழுப்புக’ என்பார்.

2012-ஆம் ஆண்டில் ஜி-லிப்-சி நூலகத்தின் குறைப்பதிவேட்டில் 13690 என்ற எண்ணுடன் குறை ஒன்று பதிவாயிற்று. திறக்கும் செயல், பூட்டை ஒழிவாக்கியபின், எழுப்பும் அழைப்பை எவ்வகையில் விடுப்பது என அறிவதற்காக மீண்டும் அப்பூட்டின் வகைக்குறியைப் படித்துப் பார்த்தது என்பதே குறை. பல வகைக் கணினிகளில் இந்நிலை இருந்தது. படிக்கும் அக்கணத்தில் பூட்டு இல்லாமற் போயிருக்கலாம் அன்றோ? அவ்வாறாயின் இழை, தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டதாகும். வகைக்குறியை முன்னரே படித்துவைத்துக்கொண்டு பின்னர்ப் பூட்டை ஒழிவாக்குதல் இதற்கு மருந்து.

அங்ஙனம் செய்தபின்னும் எழுப்பும் அழைப்பு எஞ்சி நிற்கிறதே எனின், அது பெருந்தீங்கு செய்வதில்லை. கருப்பகுதி அம்முகவரியை ஓர் அடையாளமாகவே கொள்கிறது. எழுப்பும்போது ஆங்கு எதனையும் எழுதுவதில்லை. அதே முகவரியில் புதிய பூட்டு ஒன்று தோன்றியிருப்பின், அதற்காக உறங்கும் இழை காரணமின்றி ஒருமுறை எழும். எழுந்த இழை ‘என் முறை வந்ததா?’ என்று சரிபார்த்து, வரவில்லையேல் மீண்டும் உறங்குமாறு எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அயல்வீட்டு மணி ஒலித்தால் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வது போன்றது இது.

லினக்ஸ் கருப்பகுதிக்குள்ளேயும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. ஒரு நிரல் எழுதுவதை மற்றொரு நிரல் படிக்க உதவும் ‘குழாய்’ எனும் அமைப்பில், பயன்படுத்துவோர் எண்ணிக்கையும் அதனைக் காக்கும் பூட்டும் ஒரே பொருளுக்குள் இருந்தன. கருப்பகுதிக்குரிய பூட்டு, ஒழிவாக்கியபின்னும் தன் உறுப்புகளைத் தொடும் வகையில் அமைந்தது. 2013-ஆம் ஆண்டின் இறுதியில் இதனால் விளைந்த பழுது வெளிப்பட்டது. லினக்ஸைத் தோற்றுவித்த லைனஸ் டோர்வால்ட்ஸ், எண்ணிக்கையைக் காக்கும் பொறுப்பை அப்பூட்டிலிருந்து நீக்கி, ‘சுழற்பூட்டு’ எனும் எளிய வகைக்கு மாற்றினார். அச்சுழற்பூட்டு குழாய்ப்பொருளுக்கு வெளியே இருப்பது. திறக்கும் செயல் முற்றும்வரை பூட்டு உயிரோடிருக்கச் செய்தல், கருப்பகுதியின் அவ்வகைப் பூட்டைப் பயன்படுத்துவோர் கடமை என்று பின்னர் ஆவணத்திலும் எழுதிவைத்தனர்.

ஆகவே, ஒரே வினாவிற்குப் பி-திரெட்ஸ் நூலகத்தில் ஒரு விடையும் லினக்ஸ் கருப்பகுதியில் வேறொரு விடையும் உள்ளமை புலனாகும். எந்த நூலகத்தில் எழுதுகிறோமோ அதன் உறுதிமொழியைப் படித்தறிந்தபின் எழுதுவதே அறிவுடைமை.

தக்க முறைகள்

பழுதின்றி அழிக்கும் முறைகள் சில நன்கு நிலைபெற்றுள்ளன. அவை எல்லாவற்றிற்கும் அடிப்படை ஒன்றே: பூட்டை அறிந்தவர் அனைவரும் அதனை விட்டு நீங்கினர் என்பதற்கு, பூட்டிற்கு வெளியே உறுதியான சான்று வேண்டும்.

முதல் முறை, இழைகள் முடியும்வரை காத்திருந்து பின்னர் அழித்தல். இழைகளைத் தோற்றுவித்த தாயிழை, ஒவ்வோர் இழையும் முடிவுறும்வரை காத்திருக்கிறது. இதற்கெனவே ‘ஜாயின்’ எனும் செயலை நூலகம் தருகிறது. எல்லா இழைகளும் முடிந்தபின், பூட்டைத் தொட எவரும் எஞ்சியிரார். அதன்பின் அழித்தலில் ஐயத்திற்கே இடமில்லை. ஆக்கியவரே அழிப்பவர் என்ற ஒழுங்கும் இதனால் நிலைபெறும். எளிமையும் உறுதியும் ஒருங்கே உடைய இம்முறையையே மாணவருக்கு முதலில் கற்பித்தல் வேண்டும்.

இரண்டாம் முறை, வாயிலை அடைத்தபின் அறையை ஒழித்தல். பொருள்கள் பல ஒரு பட்டியலில் இருக்கின்றன. இழைகள் பட்டியலைப் பார்த்துப் பொருளைக் கண்டுபிடிக்கின்றன என்று கொள்க. ஒரு பொருளை நீக்க விரும்புவோர், முதலில் பட்டியலுக்குரிய பூட்டைப் பூட்டி, அப்பொருளின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடல் வேண்டும். இதனால் புதியவர் வருகை நிற்கும். முன்னரே வந்தவர் வெளியேறும்வரை பொறுத்திருந்து, கடைசி ஆள் சென்றபின் பொருளையும் அதன் பூட்டையும் அழிக்கலாம். இதில் மறவாது போற்ற வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பட்டியலில் பொருளைக் கண்ட இழை, பட்டியலின் பூட்டைத் திறக்கும் முன்னரே, ‘நானும் பயன்படுத்துகிறேன்’ என்று எண்ணிக்கையில் தன்னைச் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். திறந்தபின் சேர்க்கலாம் என்று விட்டால், அவ்விடைவேளையிலேயே பொருள் மறைந்துவிடக்கூடும்.

மூன்றாம் முறை, எண்ணிக்கையைப் பூட்டிலிருந்து பிரித்துவைத்தல். இடையில் எவரும் புகவியலாத பகுபடாச் செயலால் எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் இக்காலக் கணினிகள் இடந்தருகின்றன. இழை ஒன்று, பூட்டைத் திறக்கும் செயல் முழுதும் முடிந்து திரும்பியபின்னரே எண்ணிக்கையைக் குறைக்குமாயின், மணியடிக்கும் கையும் வெளியே வந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்றாகும். அதன்பின் எண்ணிக்கை சுழியாகும்போது, பூட்டின் உள்ளமைப்பு எவ்வாறாயினும் கேடில்லை. சி பிளஸ் பிளஸ் மொழியின் பகிர்வுச் சுட்டியும், ரஸ்ட் மொழியின் ‘ஆர்க்’ எனும் அமைப்பும் இவ்வெண்ணிக்கையைத் தாமே பேணுவன. தானே கணக்கு வைத்துத் தவறுவதினும் இவற்றைப் பயன்படுத்துதல் நன்று.

நான்காம் முறை, உறங்குவோரை எழுப்பி அனுப்பியபின் அழித்தல். நிபந்தனை மாறியில் சில இழைகள் காத்திருக்கும்போது நிரலை முடிக்க வேண்டின், ‘முடிவு’ எனும் குறியை எழுதி எல்லோரையும் எழுப்புதல் வேண்டும். எழுந்தவர் உடனே போய்விடுவர் என்று கருதி அக்கணமே பூட்டை அழித்தல் தவறு. எழுந்த ஒவ்வோர் இழையும், அச்செயலிலிருந்து திரும்புமுன் பூட்டை மீண்டும் கைப்பற்றும்; அதுவே விதி. ஆதலின், எழுந்தவர் அனைவரும் பூட்டிவிட்டுத் திறந்து வெளியேறினர் என்று எண்ணிக்கையால் அல்லது ஜாயினால் உறுதி செய்தபின்னரே அழித்தல் வேண்டும்.

அழியாமல் விடுதலும் ஒரு முறையே

சில பூட்டுகளை அழிக்காமல் விடுதலே நன்று. நிரல் தொடங்கியது முதல் முடியும் வரை வேண்டப்படும் பொதுப்பூட்டுகள் அத்தகையன. சி பிளஸ் பிளஸ் நிரல் ஒன்றில் முதன்மைச் செயல் முடிந்தபின், பொதுப்பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிக்கப்படும். அப்போதும் பின்னணியில் ஓர் இழை ஓடிக்கொண்டிருந்தால், அது தொடும் பூட்டு முன்னரே அழிந்திருக்கும். வேலை எல்லாம் செவ்வனே முடிந்தபின், வெளியேறும் வாயிலில் நிரல் நிலைகுலைவதற்கு இஃது ஒரு காரணம்.

நிரல் முடிந்தவுடன் அதன் நினைவகம் முழுவதையும் இயங்குதளமே திரும்பப் பெற்றுக்கொள்ளும். ஆகையால், அத்தகைய பூட்டு ஒன்றிரண்டை அழியாமல் விடுவதால் இழப்பு எதுவுமில்லை. ஆயினும் இச்சலுகை எல்லாவற்றிற்கும் பொருந்தாது. வாடிக்கையாளர் ஒருவர் வருந்தோறும் ஒரு பூட்டை ஆக்கும் நிரல், அவற்றை அழியாமல் விடுமாயின், நாளடைவில் நினைவகம் வற்றிப்போகும். ஒருமுறை ஆக்கப்படுவது எது, பன்முறை ஆக்கப்படுவது எது எனப் பகுத்தறிதல் வேண்டும்.

ரஸ்ட் மொழியின் நூலகத்தார் ஈண்டு மேற்கொண்ட முடிவு சிந்திக்கத்தக்கது. பூட்டைப் பிடித்திருக்கும் உரிமைச்சீட்டு உள்ளவரை பூட்டை அழிக்க அம்மொழி விடுவதில்லை. நிரலை மொழிபெயர்க்கும் காலத்திலேயே தடுத்துவிடும். ஆயினும், நிரலர் அச்சீட்டை வேண்டுமென்றே மறந்துவிடுமாறு செய்ய இயலும். அப்போது பூட்டு பூட்டியபடியே அழிவுக்கு வரும். பி-திரெட்ஸ் பூட்டைத் துணைகொள்ளும் இயங்குதளங்களில், நூலகம் முதலில் பூட்ட முயன்று பார்க்கிறது. பூட்ட முடிந்தால் திறந்து அழிக்கிறது. முடியாவிட்டால் அழியாமல் விட்டுவிடுகிறது. முன்னர்ப் பயனற்றது எனக் கூறிய ‘முயன்று பார்த்தல்’ இங்குப் பயன்படுவானேன் எனின், வேறு எவரும் அப்பூட்டை அறியார் என்று மொழியின் விதியே உறுதி தந்துவிட்டமையால் என்க. பூட்டியிருக்கும் பூட்டை அழித்து வரையறை இல்லா நடத்தைக்கு ஆளாவதினும், சிறிதளவு நினைவகத்தை இழப்பது மேல் என்பது அவர்கள் கண்ட முடிவு.

தவறினால் நேரும் தீங்கு நிரல் நிற்பதோடு அமைவதில்லை. திருப்பித் தந்த நினைவகத்தை மீண்டும் தொடுதல், தீயோர் கணினிக்குள் புகுவதற்குப் பயன்படுத்தும் வழிகளுள் ஒன்றாக உள்ளது. விடுபட்ட இடத்தில் தமக்கு வேண்டியதை எழுதிவைத்து, நிரல் அதனைத் தொடும் கணத்திற்குக் காத்திருப்பர். ஆதலின், பூட்டைச் சரியாக அழித்தல் பிறர் பணத்தையும் மருத்துவக் குறிப்புகளையும் காக்கும் கடமையோடு இணைந்துள்ளது.

வகுப்பறையில் கற்பித்தல்

இப்பாடத்தைக் கணினி இல்லாமலே வகுப்பில் நடத்திக் காட்டலாம். ஒரு நாற்காலியை அறையாகவும், மேசைமேல் ஒரு மணியைப் பூட்டின் பகுதியாகவும் வைத்து, மாணவர் மூவரை இழைகளாக நிறுத்துக. கரும்பலகையில் 3 என்று எழுதுக. ஒவ்வொருவரும் நாற்காலியில் அமர்ந்து, எண்ணில் ஒன்றைக் குறைத்து, எழுந்து, மணியடித்துச் செல்லுதல் வேண்டும். எண்ணைச் சுழியாக்குபவர் மணியையும் எடுத்துச் சென்றுவிடல் வேண்டும் என்பது விதி. இரண்டாம் மாணவர் நாற்காலியை விட்டெழுந்து மணியை நோக்கி மெல்ல நடக்கையில், மூன்றாமவர் விரைந்து அமர்ந்து எண்ணைக் குறைத்து மணியை எடுத்துவிடுவார். இரண்டாமவர் நீட்டிய கை வெறுமேசையைத் தொடும். மாணவர் சிரிப்பர்; சிரித்தபின், விதியை எவ்வாறு மாற்றினால் மணி தப்பும் என்று தாமே கூறத் தொடங்குவர். ‘மணியடித்து முடிந்தபின் எண்ணைக் குறைக்கட்டும்’ என்று ஒரு மாணவர் கூறுவாராயின், அவர் மேற்கண்ட மூன்றாம் முறையைத் தாமே கண்டுபிடித்தவராவார்.

பூட்டை அழிக்கும் வரியை எழுதுமுன் ஒவ்வொரு நிரலரும் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று. இப்பூட்டை அறிந்தவர் யாவர்? இனிப் புதியவர் எவரேனும் அறிய இயலுமா? அறிந்தவர் அனைவரும் கடைசித் திறப்பையும் முடித்துத் திரும்பினர் என்பதற்குச் சான்று எங்கே? மூன்றிற்கும் விடை தெளிவாக இருப்பின் அழிக்கலாம். ஒன்றிற்கேனும் விடை ‘இருக்கலாம்’ என்று வருமாயின், அவ்வரியை எழுதும் காலம் இன்னும் வரவில்லை என்பது தெளிவு.